ரெண்டேகால் மணித்தியாலப் படம்

எனக்குப் பிடித்த காதல் சிரிப்புப் படம் எது என்று கேட்டால் நான் ஒரு நிமிஷமும் யோசிக்கமாட்டேன். காதலிக்கு எழுதிய கடிதம் கைமாறி அவளுடைய அப்பாவிடம் போய்ச் சேருகிற படம். தனக்குத்தான் எவளோ ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்று நம்பி, அந்த மனுசன் தலைக்கு மை பூசத் தொடங்குவார். ஒருநாள் கடையில் நின்று வேறெதுவும் வேண்டாம் என்று அதைத்தான் தெரிந்தெடுத்தேன். அந்தத் தெரிவால் என் புருஷனைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

யுத்த காலம். திருகோணமலையில் துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். சீதனத்தோடு வந்த ரி.வி.யும் வீடியோ டெக்கும் வீட்டில் இருந்தன. மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில் இருந்த இவருடைய மாமி ஒருநாள் வீடியோ கசட் ஒன்றை அரிசிப் பைக்குள் மறைத்து, லோஞ்சில் வளைகுடா கடந்து கொண்டுவந்தார். மாமியின் ஒரே மகன் இயக்கத்துக்குப் போய்ச் செத்தவன். அவனுடைய செத்தவீட்டைப் படம் பிடித்த கசட் அது.

"ஊருக்குள்ள வீடு வீடாத் தேடுறாங்கள் தம்பி. எரிக்க மனம் வரேல்ல. நீ வைச்சிரு" என்றார். இவர் இரண்டு கையாலும் வாங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமி போனதும் போட்டுப் பார்த்தோம். கசட்டின் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முன்பக்கம் வலது தோளில் சுமப்பது இவர். படம் பிடித்த விசரன் இவருடைய முகத்தை விட்டு நகரவேயில்லை. யாராவது ஆமிக்காரன் இதைப் பார்த்தால் வேறு சாட்சி தேவையில்லை.

"கொளுத்துங்கோ" என்றேன்.

"ஏலாது. மாமிக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"என்னைத் தாலி அறுக்கவைக்கவோ வாக்குக் குடுத்தனீங்கள்?"

மறுநாள் இவர் வேலைக்குப் போனதும் கசட்டை எடுத்துக்கொண்டு வீடியோக் கடைக்குப் போனேன். அந்த நாளில் வெறும் கசட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒருவரின் சாமத்தியவீட்டுச் சடங்குக்கு மேலே இன்னொருவரின் கல்யாணம் ஏறும், கல்யாணத்துக்கு மேலே படம் ஏறும். உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரர் கேட்பதில்லை.

"அக்கா, இது மூண்டு மணித்தியாலக் கசட். இந்த அழுகைப் படத்தைப் போட்டா முழுக்க நிரம்பும். போடட்டோ?"

"அழுகிறதுக்குப் படமும் வேணுமோ? அது வீட்டிலயே கிடக்குது. அந்த மை பூசுற படத்தைப் போடுங்கோ."

"அது ரெண்டேகால் மணித்தியாலம்தான். மிச்சம் இடம் கிடக்கும்."

"கிடக்கட்டும்" என்றேன்.

மிச்ச இடம் என்றால் வெறும் இடம் என்று நினைத்தேன். பழையது அங்கே அப்படியே கிடக்கும் என்பது இந்த மரமண்டைக்குள் ஏறவில்லை.

விஷயம் தெரிந்து இவர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் அப்பா மை பூசுகிற இடத்தில் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். சரி, தப்பினேன் என்று இருந்தேன். சில கிழமை கழித்து அரிசி புடைத்துக்கொண்டே அதே படத்தைப் பார்த்தேன். 'சுபம்' விழுந்த பிறகும் எழும்பிப்போய் நிறுத்தப் பஞ்சியாக இருந்தது. திரையில் சாம்பல் புள்ளிகள் கொஞ்ச நேரம் ஓடின. பிறகு பெட்டியும், இவருடைய தோளும், முகமும் வந்தன. சுளகு கையிலிருந்து விழுந்தது.

மிச்சத்தையும் அழிக்கலாம் என்றால், கடைக்காரர் அதற்குள் கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தார். இவரிடம் திரும்பவும் கொளுத்தச் சொன்னேன். "பெடியன்ர முகத்தை முழுக்க அழிச்சுப்போட்டாய். மிச்சத்தையாவது விடு" என்றார். பிறகு நான் கொளுத்தச் சொல்லவில்லை. படத்தைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஆசை ஆரை விட்டது? 'சுபம்' விழுமுன் பாய்ந்துபோய் நிறுத்தி, முதலுக்குச் சுற்றி வைத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை, கொட்டுகிற மழையில் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். எங்கள் வீட்டுக்குள் மூன்று ஆமிக்காரரும் ஓரளவு தமிழ் தெரிந்த ஓர் அதிகாரியும் வந்தார்கள். அலுமாரியைக் கிண்டினார்கள். பிறகு டெக்கைத் தட்டி, "உள்ள என்ன?" என்றார் அதிகாரி.

"படம். சிரிப்புப் படம்."

"போடுங்க."

போட்டேன். கையோடு பார்த்துவிட்டுப் போவார்கள் என்றால், அவர்களை ஏற்றவேண்டிய ட்ரக் வரப் பிந்தியது. அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மை வழிந்து அப்பாவின் வெள்ளைச் சட்டை கறுத்தபோது நாலுபேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவர் சுவரோடு நின்றார். நான் குசினிக்குள் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டே, காளியம்மா, கரண்டை நிப்பாட்டு தாயே என்று மன்றாடினேன். நாள்தோறும் போகிற கரண்ட் அன்றைக்கு மட்டும் அசையவில்லை.

கல்யாண மண்டபக் காட்சி வந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷம்தான். அந்த நேரம் தெருமுனையில் ட்ரக் ஹோன் கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதிகாரி எழும்பினார். தானே கசட்டை வெளியே எடுத்தார்.

"நல்ல படம் அக்கா. கேம்ப் ஆக்களும் பாக்கட்டும். அடுத்த ஞாயிறு தாறன்."

வேண்டாம் என்று சொல்ல எந்த வாய் இருக்கிறது? பொருள் எங்களுடையது, துவக்கு அவர்களுடையது.

"இண்டைக்கே மூதூருக்கு ஓடுங்கோ" என்று அவர்கள் போனதும் இவரிடம் சொன்னேன்.

"ஓடினா என்னை நானே காட்டிக்குடுத்த மாதிரி. 'சுபம்' வந்ததும் ஆர் இருந்து பாக்கப்போறாங்கள்?"

"நான் பாத்தனான்தானே!" என்று கத்தினேன்.

எட்டு நாள். சோறு இறங்கவில்லை. வாகனச் சத்தம் கேட்டால் இவரைப் பின்கதவுக்குத் தள்ளுவேன். என் வாயால் வந்த 'கிடக்கட்டும்' என்ற சொல்லை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் அந்த அதிகாரி தனியாக வந்தார். கசட்டை என்னிடம் நீட்டினார்.

"எல்லாரும் நல்லாச் சிரிச்சது. அவங்க தூங்கப் போனது. நான் மட்டும் இருந்து பாத்தது. கடைசி மட்டும் சோகம்."

அந்தப் படத்தின் கடைசியில் சோகமே கிடையாது. மாலை மாற்றி, எல்லோரும் சிரிக்கத்தான் முடியும். அவர் என்னைத் தாண்டி இவரைப் பார்த்தார்.

"ஐயாட தோள் இப்பவும் நோகுதா?"

இவருக்குத் தோளில் ஒன்றுமில்லை, நீங்கள் ஆளை மாறிப் பார்த்திருப்பீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் புருஷன், பொய் சொல்லத் தெரியாத அந்தப் பாவி, "ஓம். செத்தது என்ர மச்சான்" என்றார்.

வெளியே ஒரு சைக்கிள் போனது. அதிகாரி தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"நாளைக்கு நான் மாறிப் போறது. எனக்குப் பதிலா வேற ஐயா வாறது" என்றார். "அவர் சிரிக்கிற ஆள் இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். படலையைத் தானே சாத்திவிட்டுப் போனார். நான் நிலத்தில் குந்தி வாய்விட்டு அழுதேன். பிறகு மணியைப் பார்த்தேன். மூதூருக்குப் போகிற பின்னேர லோஞ்சுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. எழும்பி இவருடைய உடுப்புகளைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினேன்.