பெயர் எழுதாத கட்டம்

என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, 'பெண்' என்றுகூட இருக்கிறது. என் பெயர் எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலி. பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளிப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே பதிவாகிவிடும். பெயர் பிறகுதான் வைப்பார்கள். அதைப் போய் எழுதிவிட்டு வர யாருக்கும் நேரம் இருக்காது.

பள்ளிக்கூடம், நர்சிங் காலேஜ், வேலை எல்லாம் அந்தக் காலிக் கட்டத்தோடேயே முடிந்துபோயின. ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்து, விசாவுக்குக் காகிதம் சேர்க்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன்.

மாநகராட்சி அலுவலகத்தில், வெளிநாடு போகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்த்துச் சொல்ல ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே இருந்த கன்னடக்கார அம்மா என் சான்றிதழை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஆதார் எடுத்துட்டு நேர்ல வரணும்மா. விசாவுக்கு எவ்ளோ நாள் இருக்கு?"

"மூணு வாரம், மேடம்."

"அவங்க வந்தா ஒரே வாரத்துல ஆயிடும். டென்ஷன் மாட பேடா, கவலையே வேணாம்."

அம்மா மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள். அப்பாதான் பாக்கி. அவருக்கு ஊரின் அந்தக் கோடியில், பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. முதல் தடவை ஷிப்டை மாற்றிவிட்டார்கள் என்றார். இரண்டாவது தடவை நான் பதினோரு மணியிலிருந்து பெஞ்சில் காத்திருக்க, ஒரு மணிக்கு போன் வந்தது. "சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிகினேம்மா." பெங்களூரில் இந்தச் சாக்கை எவராலும் பொய் என்று சொல்ல முடியாது. மேசைக்கார அம்மா, நான் கேட்காமலேயே என் விண்ணப்பத்தைத் தனியாக எடுத்து வைத்தார்.

மூன்றாவது தடவை வந்தேவிட்டார். மேசைக்கு முன்னால் நின்று பேண்ட் பாக்கெட்டைத் தடவினார். "ஆதார வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேனே."

டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தேன். கால் கெஞ்சியது. படிக்கட்டில் வைத்தே கத்திவிட்டேன். "நான் போறது உனக்கு இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லிடுப்பா!"

"இன்னாம்மா பேச்சு இது" என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

ஆட்டோவில் வீட்டு வாசலில் இறங்கினோம். காசு கொடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டார். நோட்டோடு சேர்ந்து ஆதார் கார்டும் வந்து கீழே விழுந்தது. நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, அதே பையில் வைத்துக்கொண்டார்.

கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது. வேலை வாங்கித் தந்த ஏஜென்சியோடு, ஜெர்மன் பரீட்சையோடு, லீவு தராத மேட்ரனோடு எல்லாம் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இருந்தது. இந்த மனுஷரோடு மட்டும் முடியவில்லை. சாப்பிடாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. போகாவிட்டால் போகிறது என்றுகூட நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் எழுவதற்கு முன்பே அவர் கிளம்பியிருந்தார். ஷிப்டுக்குத்தான் என்று நினைத்தேன். பத்து மணிக்கு போன் வந்தது.

"எங்க கீற? ஆபீசுக்கு வா. டோக்கன் எடுத்துட்டேன். மூணாம் நம்பர்."

போனபோது அப்பா ஆதாரைக் கையிலேயே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தில் என் பெயரை அவரே எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. ஒரு இடத்தில்கூட அடிக்கவில்லை.

மேசைக்கார அம்மா கையெழுத்தைச் சரிபார்த்துக்கொண்டே அவரை வம்புக்கு இழுத்தார். "மகளுக்கு இருபத்தஞ்சு வயசு ஆயிடுச்சு. இவ்ளோ வருஷம் பேரு எழுதாம இன்னா பண்ணிட்டு இருந்தீங்க?"

அப்பா பேனாவை மூடினார்.

"கூப்ட்டா வர்ற தூரத்துலயே இருந்தாளே மேடம். காயிதத்துல எதுக்குன்னு விட்டுட்டேன்."