நல்ல நாளுக்கு மட்டும் ஒரு காமிரா

பேகம்பேட் கடையில் விற்பனையாளர் காமிராவின் தோல் உறையைத் திறந்ததும் வந்த வாசனையில் எனக்கு எரிச்சல்தான் மூண்டது. நான் வளர்ந்த மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பாவின் பீரோவும் இப்படித்தான் மணக்கும், கூடவே அந்துருண்டை. உள்ளே அவருடைய ஜெர்மன் காமிரா இருக்கும்.

"அப்பா, பல்லு விழுந்திருக்கு, ஒரு போட்டோப்பா" என்று கெஞ்சுவேன்.

"கண்டதுக்கெல்லாம் பிலிமை வீணாக்க முடியாதும்மா. நல்ல நாள் வரட்டும்."

நல்ல நாளிலும் எங்களை வெயிலில் நிறுத்தி, லென்ஸைத் துடைத்து, ஒன்றே ஒன்று எடுப்பார். மிச்ச பிலிம் அடுத்த விசேஷத்துக்கு. ரோல் முடியாமல் கழுவக் கொடுக்க மாட்டார். ஒருவழியாக முடிந்தபோது, வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்த பிலிமில் எல்லாரும் புகைமூட்டமாக இருந்தோம்.

பக்கத்து வீட்டு சரளா ஆண்ட்டியிடம் மலிவான பிளாஸ்டிக் காமிரா. "எதுக்கு இவ்வளவு யோசனை அண்ணா? நீ சிரிடி!" என்று பட்டனை அமுக்கிவிடுவார். முகம் தெரியும்படி எனக்கிருக்கும் சிறுவயதுப் படங்கள் அவர் எடுத்தவைதான்.

இப்போது கடையில் என் கணவர் அந்த விலையுயர்ந்த காமிராவைக் கீழே வைக்கவே மனமில்லாமல் நின்றார். என் இடுப்பில் ஒரு வயது மகள்.

"சாதாரணதே போதுங்க. அதுலயும் படம் தெளிவாத்தானே வருது?"

"நாளைக்கு இவ பெரியவளாகி, ஏன் நல்ல காமிரா வாங்கலன்னு கேட்டா?"

எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஒரு வாரமாக ரிவ்யூ படித்தும் தெளியவில்லை.

"சோபாவோட பிளாஸ்டிக் கவரையே இன்னும் பிரிக்க விடாத ஆளு நீங்க, இதை வெளிய எடுப்பீங்களா?" என்றேன். "குறை சொல்லவாவது அவகிட்ட படம் இருக்கட்டும்ங்க."