சித்தியின் பெயரில் போன படம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் கிடையாது. அதை ஒரு குறையாக நைனா நினைத்ததே இல்லை. பொத்தானை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஒளிவுமறைவு இல்லாத குடும்பம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நைனா, அதாவது என் அப்பா, அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் திருச்சபையின் கமிட்டியிலும் இருந்தார். அதனால் அவர் சொல்வதற்கு வருகிறவர்கள் தலையாட்டுவார்கள்.

தலையாட்டாதவள் சித்தி மட்டும்தான். அம்மாவின் தங்கை. கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திருத்தணியிலேயே ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தாள். எங்களோடுதான் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டே கிளாஸும் அவள்தான் எடுப்பாள். எனக்கு அப்போது பத்து வயது. பாட்டுக் குழுவில் முன்வரிசை.

"பாவா, ஆளாளுக்குத் தனியா ஒரு லாகின் வெச்சிக்கலாம். அவசரத்துல நான் என் பக்கத்த மூடாம எழுந்து போயிட்டா, அடுத்து உக்கார்றவங்க எத அழுத்தினாலும் என் பேர்லதான் போவும்" என்று ஒருநாள் சித்தி சொன்னாள்.

நைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா இது, நம்ம வூட்டுக்குள்ளயே திருடன் கீறான்றியா?"

சித்தி அதோடு விட்டுவிட்டாள். இருப்பது அக்காவின் வீடு. பேசுகிறவர் அக்காவின் புருஷன்.

ஆடிக் கிருத்திகை அன்று ஊரே காவடியும் பம்பையுமாக இருந்தது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. நைனாவுக்கு அலுவலகம் விடுமுறை. அம்மா நர்ஸ் என்பதால் மலையடிவாரத்தில் போட்டிருந்த மருத்துவ முகாமுக்கு விடியற்காலையிலேயே போய்விட்டாள். எங்களுக்கு சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. ஏதோ ஒரு பாட்டின் கடைசிச் சரணம் நினைவில்லை என்று சித்தி கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். அப்படியே நண்பர்களோடு பேசிக்கொள்ளும் தளத்தையும் ஒரு நிமிஷம் திறந்தாள். நேரமாகிவிட்டது என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மதியச் சாப்பாடும் சர்ச்சிலேயே. நாங்கள் பாடப்பாட வெளியே அரோகரா சத்தம் எங்களைவிடப் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தோம். அம்மாவும் அப்போதுதான் வந்து, வீங்கிய காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எங்கள் போதகரின் மனைவி.

"ஆங், சொல்லுங்க ஐயரம்மா" என்று சிரித்த முகமாகத்தான் அம்மா ஆரம்பித்தாள். போனை வைத்துவிட்டு சித்தியைப் பார்த்து, "உன் பேர்ல இன்னாடி வந்துகினு கீது எல்லாருக்கும்?" என்றாள்.

சித்தி கம்ப்யூட்டருக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். என் கண்ணுக்குத் திரை தெரியாதபடி அவள் உள்ளங்கையை விரித்து மறைத்துக்கொண்டதுதான் எனக்குத் தெரிந்தது. பார்க்கக்கூடாத ஒரு படம் சித்தியின் பெயரில் அவளுக்குத் தெரிந்த எல்லோருக்கும் போயிருந்தது. ஐயரம்மாவுக்கு, பள்ளியின் தலைமையாசிரியைக்கு, அவளிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு. அரக்கோணத்தில் அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளைக்கும், அவருடைய அக்காவுக்கும்கூட.

நைனா வாசற்படியில் நின்று கத்த ஆரம்பித்தார். "சண்டே கிளாஸ் எடுக்கறவ பண்ற வேலையா இது? நாளைக்கி நான் எந்த மூஞ்ச வெச்சிகினு சர்ச்சுக்குப் போறது?" பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நைனா குரலைக் குறைக்கவில்லை.

சித்தி, தன் பெயரில் போயிருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்ன நடந்தது என்று தேடிப் பார்த்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்.

"இத நான் அனுப்பலக்கா. யாரோ ஒரு படத்தத் தேடிப் போயிருக்காங்க. பாக்கணும்னா மொதல்ல இத ஏத்திக்கோன்னு திரையில ஒரு பொட்டி வந்திருக்கு. சரின்னு அழுத்தினதும் அது உள்ள பூந்து, தொறந்திருந்த என் பக்கத்துலேர்ந்து எல்லாருக்கும் அனுப்பிடுச்சு. மதியம் மூணேகாலுக்கு..."

"மூணேகாலுக்கு நாம சர்ச்சுலதான இருந்தோம் சித்தி?" என்றேன் நான். சித்தியைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னேன்.

தெருவில் பம்பை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். நைனா, "பால் வாங்கியாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனார். பால் வீட்டில் இருந்தது. அதையும் நான் சொன்னேன்.

சித்தி என் தோளில் கை வைத்து அழுத்தினாள். "மணி தப்பா காட்டுது கண்ணு. காலையில பாட்டு தேடும்போது நான்தான் தெரியாம அழுத்திட்டேன்."

பெரியவர்கள் சொன்னால் கடிகாரமும் தப்பாகும் என்று நம்பிய வயது. நம்பினேன்.

அந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிவாகிவிட்டது. அரக்கோணத்துக்கு அம்மா போன் செய்து, "சின்னப் பொண்ணுங்க, தெரியாம பண்ணிடுச்சுங்க" என்று கெஞ்சினாள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் நிச்சயத்துக்கு வரவில்லை. ஐயரம்மா சண்டே கிளாஸை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, "நீ கொஞ்ச நாளு ரெஸ்ட் எடும்மா" என்றார். சித்தி ஆராதனையில் கடைசி பெஞ்சுக்குப் போனாள். என் வகுப்பில் ஒருத்தி, "உங்க சித்தியாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்றுகூடத் தெரியாமல் எனக்குக் காது சூடானது. வீட்டுக்கு வந்து சித்தி வைத்த சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

நைனா அன்றைக்குப் பிறகு சித்தியை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "வேற ஒருத்தரா இருந்தா வூட்ட வுட்டே அனுப்பியிருப்பாங்க, அவரு எவ்ளோ பொறுமையா மன்னிச்சாரு பாரு" என்று சபையில் பேசிக்கொண்டார்கள். நைனா ஒரு நல்ல முன்மாதிரி என்று ஒரு பெரியவர் என் கன்னத்தைத் தட்டியே சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்று என் முகத்தைச் சுடுவது அந்தப் பெருமைதான்.

சித்தி சென்னையில் ஒரு வேலை தேடிக்கொண்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கம்ப்யூட்டரைச் சரிசெய்தாள். உள்ளே ஏறியிருந்த அந்தச் சனியனை எடுத்துப் போட்டாள். அம்மாவுக்கு, நைனாவுக்கு, எனக்கு என்று தனித்தனியாக லாகின் வைத்தாள். புதிதாக எதையும் ஏற்ற முடியாதபடி என்னுடையதை அமைத்தாள். குடும்பப் போட்டோக்களைத் தனியே ஒரு டிஸ்கில் நகலெடுத்து பீரோவில் வைத்தாள். "வேலை முடிஞ்சா மூடிட்டுத்தான் எழுந்திருக்கணும். ஒரே கடவுச்சொல்ல எல்லாத்துக்கும் வெக்காத. கேக்காமலே ஒரு பொட்டி வந்து சரியான்னு கேட்டா, சரின்னு சொல்லாத. யார்னா சிரிச்சாலும் பரவால்ல, உன் சாவிய யாருக்கும் குடுக்காத" என்றாள்.

பிறகு நைனாவைக் கூப்பிட்டு, "பாவா, உங்க கடவுச்சொல்ல நீங்களே போட்டுக்கோங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நைனா மறுபேச்சு பேசாமல் உட்கார்ந்து விரலால் தேடித்தேடி அடித்தார். முன்பு அத்தனை ரோஷப்பட்டவர் இப்போது எவ்வளவு எளிதாகத் திருந்திவிட்டார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தோம். சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அம்மா ஜெபிப்பாள். அன்றைக்கு சித்திக்காக வெகுநேரம் ஜெபித்தாள், நடுவில் அழுதாள். எனக்காக ஜெபித்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நோயாளிக்காகக்கூட ஜெபித்தாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"அம்மா, நைனாவ வுட்டுட்ட" என்றேன்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "பரவால்லம்மா, வுடு" என்று என்னிடம் சொன்னார் நைனா. அவர் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

அசதியில் மறந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தேன். கைகளைக் கூப்பி நானே ஜெபித்தேன். சித்தி செய்த தப்பைப் பெரிய மனதோடு மன்னித்த நைனாவை எங்களுக்குத் தந்ததற்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று, சண்டே கிளாஸில் சித்தி சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னேன்.

முடித்ததும் ஆமென் சொல்லவேண்டியவர்கள் இருவரும் சொல்லவில்லை. நான்தான் சத்தமாகச் சொன்னேன்.