கைக்குள் இருந்த காசு

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். பழங்காசு சேர்ப்பது எனக்குப் பழக்கம். பெரிய சேகரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் காசைப் பார்த்து விலை சொல்வேன் என்று ஊரில் பேராகிவிட்டது. அதற்குக் காரணம், பட்டு நூல் கடை வைத்திருந்த ஒரு நயினார். பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பத்தவர். என்னைவிடப் பெரிய சேகரிப்பாளர். அவர் கடைக்கு யாராவது காசு கொண்டுவந்தால், "நான் வாங்கறவன். நானே விலை சொன்னா நல்லா இருக்காது. டீச்சரம்மாவைக் கேட்டுக்கினு வாங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுவார். நான் சொன்ன தொகையிலிருந்து அவர் குறைத்ததே இல்லை.

எடையை வைத்து நான் விலை சொல்வதில்லை. அதே மாதிரி இன்னொன்று எங்காவது கண்ணில் பட்டிருக்கிறதா, முத்திரை தேயாமல் இருக்கிறதா, புளி போட்டுத் தேய்த்துக் கெடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். பிறகு, இந்தத் தொகைக்கு நான் விற்பேனா, இதே தொகைக்கு வாங்குவேனா என்று மனதுக்குள் இடம் மாறி உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டுக்கும் சரி என்று தோன்றினால் அதுதான் விலை.

அந்த வருஷம் பாலாற்றில் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. வெள்ளம் வடிந்தால் கரையோரத்து ஜனங்கள் மணலைச் சலிக்கக் கிளம்பிவிடுவார்கள். பாசிமணி கிடைக்கும், செப்புக்காசு கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆற்றோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணும் அவள் கொழுந்தனும் என் வீட்டுக்கு வந்தார்கள். நயினார்தான் அனுப்பியிருந்தார். அவளுக்கு ஏறக்குறைய என் வயதுதான். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் நெற்றி வெறுமையாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். காசைத்தான் பார்த்தேன்.

சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கம் காளை. மறுபக்கத்தில் ஈர மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. பிரஷ்ஷால் மெல்லத் தட்டினேன். இரண்டு பாய்மரம் வைத்த கப்பல் ஒன்று வெளியே வந்தது. பல்லவர் காசு. காளை போட்டது என்னிடமே சில இருந்தன. கப்பல் போட்டதை நான் நேரில் பார்த்ததில்லை. படம்தான் பார்த்திருந்தேன்.

"நல்லவேளை, தேய்க்காம கொண்டாந்தீங்க" என்றேன். குரலில் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. "இது எங்கேம்மா கிடைச்சுது?"

கொழுந்தன் முந்திக்கொண்டான். "ஆத்துல தாம்மா. இன்னா வெல போவும், அத்தச் சொல்லுங்க. பாத்திரக் கடையில செம்புன்னு சொல்லி ரெண்டு ரூபா குடுக்கறன்றான்."

"முந்நூறு ரூபாய்க்குக் குறைஞ்சு குடுக்காதீங்க" என்றேன்.

அவன் வாய் பிளந்து நின்றான். அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். அந்தப் பெண் மட்டும் அசையவில்லை. "அப்போ நெசமாவே வெல உள்ளதுதானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ரொம்ப அபூர்வம்."

"என் வூட்டுக்காரரு கையில இருந்துச்சு டீச்சரம்மா" என்றாள். "கரையோரமா குடைஞ்சிக்கினு இருந்தாரு. மேல இருந்த கரை சரிஞ்சி அப்படியே மூடிக்கிச்சு. மறுநாளுதான் எடுத்தாங்க. வலது கை மட்டும் இறுக்கி மூடி இருந்துச்சு. குளிப்பாட்டறப்போ விரல் விரியல. வெந்நி ஊத்தி ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன். உள்ள இது இருந்துச்சு."

காசு அப்போது என் உள்ளங்கையில் இருந்தது. நான் தட்டி எடுத்த மண் மேஜைமேல் கிடந்தது.

"போவாதன்னு சொன்னேன். மண்ணுல இன்னா இருக்குது, பொழப்பப் பாருன்னு சண்டை போட்டேன். ஒண்ணுமில்லாததுக்கா போயி செத்தாருன்னு தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

"ஒண்ணுமில்லாதது இல்லம்மா" என்றேன்.

கொழுந்தன், "வித்துடலாம் அண்ணி. ஆனா செத்த கதையெல்லாம் யாருக்கும் சொல்லாதீங்க. வாங்கறவன் பயப்படுவான்" என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்லித்தான் விக்கணும் டீச்சரம்மா. அவுரு எடுத்தது. எங்கியோ கெடந்துச்சுன்னு சொல்லக் கூடாது."

காசை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் பள்ளி விட்டதும் நயினார் கடைக்குப் போனேன். கப்பலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. முந்நூறு என்றதும் தலையாட்டிப் பெட்டியைத் திறந்தார். பணத்தை எடுக்குமுன் விஷயத்தைச் சொன்னேன். அவர் கை பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நீங்க சொன்ன விலையில தப்பில்லம்மா" என்றார் மெதுவாக. "ஆனா ஓர் உயிரை வாங்கிக்கினு வந்த பொருளு. என் பெட்டியில வெச்சுக்க மனசு ஒப்பல. கோச்சுக்காதீங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பட்டுப்பூச்சியைக் கொன்று எடுக்கும் நூலை விற்கிறோமே என்று அடிக்கடி வருத்தப்படுகிற மனிதர். ஆனால் நான் சொன்ன விலை இனி என்னவாகும்? இன்னொருவரிடம் போனால் கதையை மறைக்க வேண்டும், இல்லையென்றால் விலையைக் குறைக்க வேண்டும். வழக்கம்போல இடம் மாறி உட்கார்ந்து பார்த்தேன். இந்தத் தொகைக்கு நான் வாங்குவேனா? வாங்குவேன் என்றுதானே சொல்லியிருந்தேன். வளையலுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்தேன். என் கணவர், "விலை சொன்னவளே வாங்கணும்னு யாராவது சட்டம் போட்டாங்களா?" என்று கேட்டார். பிறகு தடுக்கவில்லை.

அவள் அந்தப் பணத்தில் மாடு வாங்கினாள். டவுனுக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்கும் வருவாள். முதல் தடவை வந்தபோது தயங்கித் தயங்கி, "ஒரு வாட்டி பாக்கட்டுமா?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வலது கையில் வைத்து மூடிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை, அழவில்லை. மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காசை என் கையில் வைத்தாள். அது சூடாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

"நீயே வெச்சுக்கோயேன், பணம் வேண்டாம்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"ஐயையோ, வூட்ல வேணாம் டீச்சரம்மா. அது இருந்த வரைக்கும் தெனமும் கனவுல வந்து கைய நீட்டிக்கினே நின்னாரு. குடு குடுன்றாரு. உங்ககிட்ட வந்தப்புறம் குறைஞ்சிருக்குது."

அவள் வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. மாடு கன்று போட்டது. கொழுந்தனோடு சேர்ந்து பால் வியாபாரம் தொடங்கினாள். முகத்தில் தெளிவு வந்தது. கடைசியாக அவள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்பாள் என்று நானே காசுப் பெட்டியை எடுத்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"இப்பெல்லாம் அவுரு வர்றதே இல்ல டீச்சரம்மா. நல்லாத் தூங்கறேன்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பிறகு ஏதோ தோன்றியதுபோல என்னையே பார்த்தாள். "உங்க கனவுல வர்றாரா?"

நான் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. ஆனால் கொஞ்ச காலமாகக் கனவில் ஈர மணலிலிருந்து ஒரு கை மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் குனிந்து அதன் விரல்களைப் பிரிப்பேன். பிரித்த விரல் மறுபடி மூடிக்கொள்ளும். விடியும்போது என் வலது கை இறுகியிருக்கும். உள்ளங்கையில் நகம் பதிந்திருப்பதைப் பார்த்து என்னவென்று என் கணவர்கூட ஒரு நாள் கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டு, தூக்குப்பாலை என் சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள்.