இடைவெளியில் பேசியவள்

இதை நம்பாதவர்களோடு நான் சண்டை போடப்போவதில்லை. நானே என்னைப் பல முறை சந்தேகப்பட்டுவிட்டேன். ஆனால் இது நடந்தது. 2008 அக்டோபர், விருத்தாசலம்.

என் கணவர் முபாஷிர் ஜெர்மனியில் வேலை பார்த்தார். மொழித் தேர்வில் தேறினால்தான் மனைவிக்கு விசா. ஒரு முறை தோற்றுவிட்டேன். அதன்பிறகு அவர் பேசுவது குறைந்துபோனது. பீங்கான் பொம்மைக் கடை மாடியில் குருமூர்த்தி சார் நடத்திய மாலை வகுப்பில் மறுபடி சேர்ந்தேன்.

சாரிடம் ஒரு கேசட் இருந்தது. போர்க்காலத்து ஜெர்மன் நடிகர் ஒருவரின் குரல். மேடையிலும் சினிமாவிலும் கொடிகட்டிப் பறந்தவராம். யூத மனைவியை விவாகரத்து செய்தால்தான் நடிக்கலாம் என்றது அரசாங்கம். செய்துவிட்டார். பிறகு படத்துக்கு மேல் படம். அவளை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பவில்லை.

நடிகர் ஒரு வரி சொல்வார். பிறகு மௌனம். அந்த மௌனத்தில் நாங்கள் அதே வரியைக் கோரஸாகத் திருப்பிச் சொல்வோம்.

"வேர் இஸ்ட் டா?" யார் அங்கே, என்று அர்த்தம்.

அன்று மழை. நான் மட்டும்தான் வந்திருந்தேன். சார் கீழே டீ வாங்கப் போனார். கேசட்டை ஓடவிட்டேன்.

"யார் அங்கே?"

நான் வாய் திறக்குமுன்... ஒரு பெண் குரல்.

"நான்தான்."

ரீவைண்ட் செய்து கேட்டேன். வெறும் மௌனம். என் காதுதான் சரியில்லை என்று நினைத்தேன்.

மணி 6.40. கரண்ட் போனது. கேசட் நின்றது.

அவள் நிற்கவில்லை.

"குளிர்கிறது... கதவைத் திற..."

என் அரைகுறை ஜெர்மனுக்கே புரிந்தது.

கீழே பொம்மைகள் உரசின. கிண்... கிண்...

பிறகு அழுகை.

சார் மெழுகுவர்த்தியோடு வந்தார். "என்னம்மா முபீனா, கரண்டு போனதுக்கே இப்படி நடுங்குற? பரீட்சையில என்ன பண்ணப்போற?"

"சார்... அந்த கேசட்ல நடுவுல நடுவுல ஏன் சத்தமே இல்ல?"

"அதெல்லாம் அவரு சம்சாரத்தோட வசனம்மா. ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்ச நாடகம். அவங்க போனப்புறம் இதைப் பதிவு பண்ணப்ப, அந்த இடத்துல அவரு வேற யாரையும் பேச விடலையாம். நமக்குத் திருப்பிச் சொல்ல வசதியா இருந்துச்சு."

இத்தனை நாளும் அவள் இடத்தில் நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம்.

மறுநாள் முபாஷிர் கூப்பிட்டார்.

"நேத்து மூணு பத்துக்கு, டியூட்டி நேரத்துல, ஏன் போன் பண்ண?"

அங்கே மூன்று பத்து. இங்கே 6.40.

"நானாங்க?"

"குளிருது, கதவத் திறன்னு ஒரே அழுக. ஜெர்மன்லயே. தப்பில்லாமத்தான் பேசுன. ஆனா நீ வர வேணாம் முபீனா. இங்க... வேற ஒருத்தி இருக்கா. இனிமே கூப்பிடாத."

வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டு போனில் ஐ.எஸ்.டி. கிடையாது. எப்போதும் அவர்தான் கூப்பிட வேண்டும்.