ஐம்பத்தேழாம் வில்லை

இதைக் கதை என்று யாராவது நிரூபித்துக் காட்டினால் எனக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. ஆனால் நான் அங்கே இருந்தேன். படகை ஓட்டியவன் நான். கை கொடுத்து ஏற்றியவனும் நான்தான். கீழே வரும் நேரங்கள் எல்லாம் கப்பலின் பதிவேட்டில் உள்ளவை. ஒரு நிமிஷம்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என் பெயர் போவாஸ். வடக்கே, பனிக்கடல் ஓரத்து லாப்ரடார் கரையில் நெய்ன் என் ஊர். கோடை மூன்று மாதம் பயணக் கப்பலில் ரப்பர் படகு ஓட்டுவேன். என் பெரியம்மா மகள் ரோசினாவும் அதே கப்பலில்தான். பயணிகள் கரையில் சுற்றும்போது துப்பாக்கியோடு கரடிக்குக் காவல் நிற்பது அவள் வேலை. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அவள் வாய்க்குக் கரடியே பயப்படும் என்று கப்பலில் சொல்வார்கள்.

கப்பல் வாசலில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு எண் போட்ட பித்தளை வில்லை அதில் தொங்கும். கரைக்குப் போகும்போது சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கம். பலகை முழுக்க வெள்ளையானால்தான் நங்கூரம் தூக்குவார்கள்.

ஒருவர் வில்லையை இன்னொருவர் தொடக் கூடாது. அதுதான் முதல் விதி. நாங்கள் எல்லோரும் முதலில் மீறுவதும் அதைத்தான். விரல் விறைத்திருக்கும், பசி வேறு. “என்னுதையும் திருப்பிடுடா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திருப்பிவிடுவோம். ஆளைக் கண்ணால் பார்த்த பிறகு என்ன?

ரோசினா அக்காவின் எண் 57.

ஆகஸ்ட் பத்தொன்பது. துல்லிக் விரிகுடா. எங்கள் ஆட்கள் முன்பு குடியிருந்த இடம். ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து பாதி ஊர் போனது. மிஞ்சியவர்களைக் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போனது. இப்போது கிறிஸ்தவக் கோயிலின் ஒரு சுவரும் கல்லறைகளும்தான் இருக்கின்றன. எனக்கு அன்று தெரிந்தது அவ்வளவுதான்.

பிற்பகல் 3:10க்குப் பயணிகளை இறக்கினோம். தொண்ணூற்று நான்கு பேர். 5:40க்கு மூடுபனி வந்தது. கடலிலிருந்து மெல்ல ஏறி வரும் பனி இல்லை. கதவைச் சாத்தினாற்போல ஒரேயடியாக வந்தது. காற்றும் திசை மாறியது. வெளியே மிதந்துகொண்டிருந்த பனிக்கட்டிகள் குடாவுக்குள் வரத் தொடங்கின.

அவசரமாக எல்லோரையும் ஏற்றி அனுப்பினோம். 6:20க்குக் கடைசிப் பயணியும் கப்பலுக்குப் போய்விட்டார். கரையில் மிச்சம் இரண்டே பேர். படகில் நான். மேட்டில் ரோசினா அக்கா.

வாக்கி டாக்கியில் கூப்பிட்டாள்.

“டேய், இங்க ஒரு பொம்பள நிக்குது. கோயில் சுவர்கிட்ட. சாம்பல் நிறச் சால்வை.”

“எல்லாரும் கப்பலுக்குப் போயாச்சுக்கா. தொண்ணூத்திநாலும் வெள்ளைன்னு சொல்லிட்டாங்க.”

“உன் பலகைக்குக் கண்ணு இருக்கா? எனக்கு இருக்கு. போய்க் கூட்டிட்டு வரேன்.”

“சீக்கிரம் வா. பனிக்கட்டி வந்துக்கிட்டு இருக்கு.”

“வந்தா உக்காரச் சொல்லு.”

அதுதான் அவள் வாய்.

காத்திருந்தேன். படகுக்கு அடியில் கூழாங்கற்கள் உரசும் சத்தம். வேறு சத்தம் இல்லை.

6:45. பனிக்குள்ளிருந்து வந்தாள். எங்கள் காவல்காரர்கள் போடும் சிவப்புச் சட்டை. அதன் தலைமறைப்பை முகத்தின் மேல் இழுத்து விட்டிருந்தாள். தனியாகத்தான் வந்தாள்.

“அந்தப் பொம்பள எங்கக்கா?”

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“நான்தான் சொன்னேன்ல!” சிரித்துக்கொண்டே கை கொடுத்தேன். பிடித்து ஏறினாள். கையுறை சொட்டச் சொட்ட ஈரம். அதன் குளிர் என் கையுறையைத் தாண்டி எலும்பில் இறங்கியது. தோளில் துப்பாக்கி இருந்ததா? இன்றுவரை யோசிக்கிறேன். ஞாபகம் இல்லை.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. அக்கா கனத்த உடம்பு. அவள் கால் வைத்தால் படகு ஒரு பக்கம் சாயும். அதை வைத்துத் தினமும் கேலி செய்வேன்.

அன்று படகு அசையவில்லை.

எப்போதும் என் பக்கத்தில், எஞ்சின் ஓரம் உட்காருவாள். அன்று முனையில் போய் உட்கார்ந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“என்னக்கா, பேச்சே காணோம்? தொண்டையில மீன்முள்ளு மாட்டிக்கிச்சா?”

எஞ்சினைக் கிளப்பினேன். பின்னால் கடற்பறவை ஒன்று கத்தியது போல இருந்தது. இரண்டு முறை. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பனி. நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

7:05க்குக் கப்பல். வாசலில் ரோமெல் நின்றான். பிலிப்பைன்ஸ் பையன், எல்லோரையும் அக்கா, அண்ணா என்பான்.

“அக்கா, சூடா சூப் இருக்கு. உங்களுக்குன்னு எலும்பா எடுத்து வச்சிருக்கேன்.”

அவள் நிற்காமல் உள்ளே போனாள்.

“என்ன அண்ணா, சண்டையா?”

“குளிருதுபோல. விடு.”

பலகையில் 57 மட்டும் சிவப்பு. என் வில்லையைத் திருப்பினேன். பிறகு அவளுடையதையும் திருப்பினேன்.

நான்தான் திருப்பினேன்.

பலகை முழுக்க வெள்ளை. 7:30க்கு நங்கூரம் தூக்கினார்கள்.

8:12. சாப்பாட்டு மேஜையில் இருந்தேன். இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது.

“டேய் போவாஸ்... எங்கடா போயிட்ட?”

கரண்டி கையில் அப்படியே நின்றது.

“டேய், என்ன விளையாட்டு இது? ஒரு மணி நேரமாக் கூப்பிடுறேன். கரையில நிக்கிறேன்டா. இருட்டப் போகுது.”

“அக்கா... நீ எங்க இருக்க?”

“கேக்குறதப் பாரு. விட்டுட்டுப் போன இடத்துலதான்.”

ஓடினேன். எங்கள் பயணத் தலைவி ஸோல்வேய், நார்வேக்காரி, நிதானமானவள். நான் சொன்னதைக் கேட்டு என் கையைப் பிடித்தாள். “நானும் அவளப் பார்த்தேனே போவாஸ். படியில இறங்கிப் போனா.” இருவரும் கீழ்த்தளத்துக்குப் போனோம். அறை 311. வாசலில் தரை ஈரம். கதவைத் தட்டினாள்.

“ரோசினா? உள்ள இருக்கியா?”

உள்ளிருந்து குரல் வந்தது. அக்காவின் குரல்தான். ஆனால் எங்கள் பூர்வீக மொழியில். ஸோல்வேய்க்கு எங்கள் மொழி தெரியாது. அக்கா அவளிடம் ஒருநாளும் அதில் பேசியதில்லை.

“என்ன சொல்றா?” என்றாள் ஸோல்வேய்.

அவளுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. உள்ளே அவள் சொன்னது இதுதான்: “இப்பதான் குளிர் விட்டிருக்கு. என்னை இறக்கி விட்றாதீங்க.”

ஸோல்வேய் பொதுச் சாவி போட்டாள். சாவி சுற்றியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

“ஆள் இருக்கா, பதில் சொல்றா. வாக்கி டாக்கில யாரோ விளையாடுறாங்க. நீ போய்ப் படு.”

கேப்டனிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார். வில்லை வெள்ளை. வாசல் காவலன் பார்த்திருக்கிறான். ஆள் அறையில் பேசுகிறாள். வெளியே மூடுபனி, பனிக்கட்டி, கப்பலில் தொண்ணூற்று நான்கு பயணிகள்.

“வில்லையைத் திருப்பினது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“ஆளப் பார்த்துத்தானே திருப்பின?”

“...ஆமா.”

“அப்புறம் என்ன?”



கப்பல் மூடுபனியில் மெல்லத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிஷமும் கரை தள்ளிப் போனது. நான் வாக்கி டாக்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நின்றேன்.

8:55. “வரீங்களா இல்லையாடா?”

“வரோம்க்கா.”

பொய் சொன்னேன்.

9:40. நான் மறுபடி கேப்டன் அறைக்கு வந்திருந்தேன். இந்த முறை அங்கிருந்த பெரிய ஒலிபெருக்கியிலேயே கேட்டது. “பாட்டரி ஒரு கோடுதான் இருக்கு. யாராவது பேசுங்க.”

கேப்டன் என்னைப் பார்த்தார். தொலைபேசியை எடுத்து 311ஐக் கூப்பிட்டார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

தொலைபேசியில் ஒரு ரோசினா மூச்சு விட்டாள்.

ஒலிபெருக்கியில் இன்னொரு ரோசினா, “போவாஸ்? போவாஸ்?” என்றாள்.

ஒரே நேரத்தில்.

கேப்டன் ரிசீவரை மெல்ல வைத்தார். 9:44க்குக் கப்பலைத் திருப்பினார்.

ரோமெலும் இன்னொருவனும் 311இன் கதவை அறுத்தார்கள். உள்ளே யாரும் இல்லை. தாழ் உள்பக்கம் போட்டபடியே இருந்தது. படுக்கையில் ஆள் படுத்திருந்த பள்ளம். பள்ளம் நிறைய ஈரம். கரையின் பாசி நாற்றம்.

ரோமெல் சிலுவை போட்டுக்கொண்டான்.

வேகத்தைக் கூட்டி, 11:15க்குக் குடா வாசலுக்கு வந்தோம். வாசல் முழுக்கப் பனிக்கட்டி. படகு இறக்க வழியில்லை. விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. கரை எத்தனை தூரம்? இரண்டு மைல். இரண்டே மைல்.

11:26.

“டேய்...”

“அக்கா, வந்துட்டோம். வாசல்லதான் நிக்கிறோம். கொஞ்சம் பொறு.”

“கரையில யாரோ நடக்குறாங்கடா.”

“கரடியா?”

“கரடின்னா சுட்டிருப்பேனே.”

அவள் குரலில் முதல்முறையாகக் கேலி இல்லை.

“என்ன செய்றாங்க?”

“எண்ணுறாங்க.”

“என்ன?”

“ஆள் எண்ணுறாங்கடா. முதல்லேருந்து. திரும்பத் திரும்ப...”

கரகரப்பு.

“...என்னையும் சேத்து எண்ணுறாங்க.”

அவ்வளவுதான்.

பாட்டரி போய்விட்டது.

நான் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

12:00.

1:00.

2:30.

பனிக்கட்டி விலகவில்லை.

4:50க்குக் காற்று மாறியது. ஒரு வழி திறந்தது. படகை இறக்கிக்கொண்டு போனேன். 5:35க்குக் கரை.

கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. மடியில் துப்பாக்கி. ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை. தூக்கிப் படகில் வைத்தேன். படகு நன்றாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வைப் பார்த்து நான் அழுதேன்.

பாதி வழியில் கண் திறந்தாள்.

“நான் கத்திக்கிட்டே ஓடி வந்தேன்டா. தண்ணிக்குள்ள இடுப்புவரைக்கும் வந்தேன்.”

“கேக்கலக்கா.”

“நீ திரும்பிப் பார்த்த. என்னைப் பார்த்து...” மூச்சு வாங்கினாள். “சிரிச்ச.”

ஒன்பது மணிக்கு ஹெலிகாப்டர் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது. கால்விரல் நான்கு போயிற்று. ஆள் பிழைத்தாள். பிறகு அவள் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை.

ஹெலிகாப்டர் போனதும் பலகைக்கு வந்தேன். ஆள் கப்பலில் இல்லை, வில்லை வெள்ளையில் இருக்கக் கூடாது. 57ஐச் சிவப்புக்குத் திருப்பினேன்.

மறுநாள் காலை வெள்ளையாக இருந்தது.

ரோமெலைக் கேட்டேன். தொடவில்லை என்றான். திருப்பினேன். மறுநாளும் வெள்ளை.

அந்தக் குளிர்காலத்தில், நெய்ன் கோயிலின் பழைய பதிவேடு ஒன்றைப் பார்த்தேன். துல்லிக் ஊர் காலியான நாளில் கப்பலேறியவர்களின் பட்டியல். கரையில் எண்ணியபோது முப்பத்தெட்டு. கப்பலில் எண்ணியபோது முப்பத்தெட்டு. இறங்கும்போது முப்பத்தேழு. இல்லாமல் போனது பட்டியலின் கடைசிப் பெயர், சபீனா. வயது நாற்பத்திரண்டு. பக்கத்தில் போதகர் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்:

“படகின் முனையில், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வந்தாள். எல்லோரும் பார்த்தோம். வழியில் கப்பல் எங்கும் நிற்கவில்லை. திரும்பிப் போகப் பனிக்கட்டி விடவில்லை.”

அதற்குக் கீழே அவளைப் பற்றி ஒரு குறிப்பு. அன்று அவள் போட்டிருந்தது சாம்பல் நிறச் சால்வை.

நான் இன்னும் அதே கப்பலில்தான் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். 57ஐ யாருக்கும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வருஷமும் பருவம் முடிந்ததும் ரோசினா அக்கா போன் செய்வாள். சுகம் விசாரிக்க மாட்டாள். ஒரே கேள்விதான்.

“அவ இறங்கிட்டாளாடா? வில்லை எந்தப் பக்கம் இருக்கு?”

“சிவப்புக்கா” என்பேன்.

அன்று வாக்கி டாக்கியில் “வரோம்” என்று சொன்ன அதே குரலில்.