மூன்றாவது படத்துச் செருப்புகள்

அந்த மூன்றாவது படத்தில் இரண்டு செருப்புகள் இருக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு குளத்தின் கல்படியில், மேலிருந்து இரண்டாவது படியில், விருந்தாளி ஒருவர் வாசலில் கழற்றி வைத்ததைப்போல ஒன்றை ஒன்று ஒட்டி நேராக இருக்கின்றன. மொத்தம் பதினோரு படிகள். வெளிச்சம் சரி, ஃபோகஸ் சரி. அந்தச் சுருளில் இதைவிடத் தெளிவான படம் வேறு இல்லை. அதன் பிரதி ஒன்று முப்பத்துமூன்று வருடமாக என் மேசைக்குள் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஏட்டையாவின் ஞாபகம் வரும். போன மாதம் அவர் இறந்த பிறகு, பார்க்காமலே வருகிறது.

திருவட்டாறில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்களுக்கென்று தனியாகப் படம் எடுக்கும் ஆள் கிடையாது. விபத்தோ, கொலையோ, தூக்கோ, ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து நிற்பார். நான் கேமராவோடு கிளம்புவேன். பத்தொன்பது வருடங்களில் அறுபத்தொரு சம்பவ இடங்களுக்குப் போயிருக்கிறேன். ஆனால் எனக்குச் சோறு போட்டவை கல்யாண வீடுகளும் அடக்க வீடுகளும்தான். எங்கள் ஊர்ப்பக்கம் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். வளைகுடாவிலிருந்து வர முடியாத மகனுக்கு அந்தப் படம் போக வேண்டும். மாலையை நேராக்குவது, இறந்தவர் கையில் சிலுவை சாயாமல் பார்ப்பது, அழுகிறவர்களை உயரப்படி நிறுத்துவது, பெட்டிக்கு முன்னால் சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஒதுக்குவது எல்லாம் படமெடுப்பவன் வேலை. யாரும் சொல்ல வேண்டியதில்லை. கை தானாகச் செய்துவிடும்.

எங்கள் ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்த ஏட்டையா குளச்சல்காரர். கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, படித்து, போலீசில் சேர்ந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சம்பவ இடத்துக்கு வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து மகஜர் எழுதுவார். என்ன எங்கே கிடக்கிறது, எதிலிருந்து எது எவ்வளவு தூரம் என்பதைக் கண்டபடி எழுதும் தாள் அது. எழுதி முடிக்கும்வரை யாரையும் பக்கத்தில் விட மாட்டார்.

அந்த மூன்றாவது படம் எடுத்த அன்று ஆனி மாதத்துச் சாரல். குலசேகரம் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்துக் குளத்தில், தோட்டத்து வீட்டுப் பெரியவர் மூழ்கி இறந்திருந்தார். வேட்டி, சட்டை, கையில் கடிகாரம் எல்லாம் அப்படியே இருந்தன. குளிக்க வந்தவர் இல்லை. நான் போனபோது உடலைக் கரையில் எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். ஏட்டையா எழுதி முடித்து எழுந்துகொண்டிருந்தார். என் சட்டையைப் பார்த்தார்.

"என்ன ஓய், கல்யாண வீட்டுச் சட்டையப் போட்டுட்டு வந்திருக்கீரு? பிணத்துக்கிட்ட சிரிக்கச் சொல்லிராதயும்."

"சொன்னா நீரு சிரிப்பீரா ஏட்டையா?"

"எனக்க மூஞ்சி வேண்டாம். தூரத்துல இருந்து ஒண்ணு எடும், பெறவு கிட்ட வாரும்" என்று சொல்லிவிட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வீட்டுப் பக்கம் ஏறிப்போனார்.

சொன்னபடி தூரத்திலிருந்து ஒன்று எடுத்தேன். பிறகு படியிறங்கினேன். ஒரு செருப்பு இரண்டாவது படியில் கிடந்தது. மற்றது நான்கு படி கீழே, பாசியில், குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் எடுத்தது நினைவில்லை. கீழ்ச்செருப்பை நிமிர்த்தி, மேலே கொண்டுவந்து, மற்றதன் பக்கத்தில் ஜோடியாக வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். அடக்க வீட்டுக் கை. பிறகு வந்த இன்ஸ்பெக்டர் கண்டதும் அந்த ஜோடியைத்தான்.

செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு இறங்கியவர் வழுக்கி விழவில்லை, தானாகக் குதித்திருக்கிறார் என்று ஆயிற்று. பெரியவரின் மகள், தன் அண்ணன் மனைவி அப்பாவைத் தினமும் ஏசினாள், அதனால்தான் செத்தார் என்று எழுதிக்கொடுத்தாள். முந்தின நாள் சண்டை நடந்தது அக்கம்பக்கத்துக்கும் தெரியும். தற்கொலைக்குத் தூண்டியதாக மருமகளைக் கைது செய்தார்கள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

அவள் கைதான ஒன்பதாம் நாள் மத்தியானம் ஏட்டையா ஸ்டுடியோவுக்கு வந்தார். சீருடையில் இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஓய், நீரு அந்தச் செருப்பத் தொட்டீரா?"

"இல்ல ஏட்டையா."

"நல்லா ஆலோசிச்சுச் சொல்லும். ஒண்ணு கீழ கவுந்து கெடந்துன்னு நான் எழுதியிருக்கேன். உமக்க படத்துல ரெண்டும் சோடியா இருக்கு. படம் பொய் சொல்லுமாவே, மகஜர மாத்தி எழுதும்னு இன்ஸ்பெக்டர் நிக்கிறாரு."

"மாத்தி எழுதப் போறீரா?"

"கண்டத எழுதியாச்சு. காணாதத எப்படிவே எழுதுகது?"

அவர் கேட்ட கணத்தில்தான் என் கை செய்தது எனக்குப் புரிந்தது. ஆனாலும் மறுபடியும் இல்லை என்றேன். தடயத்தைக் கலைத்தேன் என்று என்னையும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அவர் "செரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரமே அவரை மலையோரத்தில் வேறொரு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அந்த மருமகள் அறுபத்தெட்டு நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வெளியே வந்தாள். அறுபத்தெட்டில் ஒன்பதைக் கழித்தால் ஐம்பத்தொன்பது. அந்த ஐம்பத்தொன்பது நாட்களும் என் கணக்கில் சேர வேண்டியவை.

வழக்கு கோர்ட்டுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மகஜர் சாட்சிகள் இருவரும், போலீஸ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டோம், செருப்பையெல்லாம் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏட்டையாவை, அவரைச் சாட்சியாக அழைத்த அரசு வக்கீலே நிறுத்தி வைத்துக் குடைந்து கேட்டார். மருமகள் தரப்பிடம் கையூட்டு வாங்கிக்கொண்டுதானே இப்படிப் பொய்யாக எழுதினீர்கள் என்றுகூடக் கேட்டார். ஏட்டையாவின் காது மடல் சிவந்தது. "நான் கண்டத எழுதினேன் ஐயா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் எண்ணினேன், அதே வாக்கியத்தை ஐந்து முறை சொன்னார்.

அடுத்து நான். பதின்மூன்று படங்களையும் நெகட்டிவையும் என்னிடம் காட்டி அடையாளம் கேட்டார்கள். சொன்னேன். குறுக்கு விசாரணைக்கு எழுந்த மருமகளின் வக்கீல் வயதானவர், அவசரமில்லாதவர். நெகட்டிவ் துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீங்க நெகட்டிவ ஆறு ஆறாத்தானே வெட்டுவீங்க?"

"ஆமா."

"ரெண்டாவது துண்டுல ஆறு இருக்கு. கடைசியில ரெண்டு. முதல் துண்டுல மட்டும் ஏன் அஞ்சு?"

பதின்மூன்று படம்தான் எடுத்தேன், வெட்டும்போது எண்ணிக்கை தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்னால் அந்த எண்ணைச் சொல்ல முடியவில்லை. கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த ஏட்டையாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தது பதினாலு" என்றேன். "முதல் படம் வெளிச்சம் பட்டுப் பாதி வெளுத்துப் போச்சு. அதனால வெட்டி வச்சிட்டேன்."

"மீதிப் பாதியில என்ன இருக்கு?"

"படிக்கட்டு இருக்கு. ஒரு செருப்பு மேல இருக்கு. ஒண்ணு கீழ கவுந்து கெடக்கு. நான்தான் எடுத்துச் சோடியா வச்சேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏன் அப்படிச் செய்தீர் என்று கேட்டார். படம் நன்றாக இருக்க வேண்டும் என்று செய்தேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது. அன்றே ஓர் ஆளோடு என்னை அனுப்பி அந்த ஒற்றை நெகட்டிவை வரவழைத்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தபோது, பாசிப் படியில் கவிழ்ந்த செருப்பு, ஒரு கட்டைவிரல் நகம் அளவில், தெரிந்தது. அந்தப் பெண்ணை விடுதலை செய்தார்கள். எனக்கு நீதிபதியிடமிருந்து கடுமையான பேச்சு கிடைத்தது. அதோடு விட்டார்கள்.

தீர்ப்பு நாளில் கோர்ட் வராந்தாவில் அந்தப் பெண் என் எதிரே வந்தாள். இடுப்பில் குழந்தை. நன்றி சொல்வாள் என்று நினைத்த முட்டாள் நான்.

"இத அண்ணைக்கே சொல்லியிருந்தா எனக்க பிள்ள அம்மயக் காணாம கெடந்து அழுதிருக்காதே அண்ணாச்சி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஏட்டையா என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு டீ சொன்னார். "ஓய், உமக்குக் கணக்கு நல்லா வரும். கைதான் சும்மா இருக்காது" என்றார். அவ்வளவுதான். மலையோர ஸ்டேஷனில் அவர் இன்னும் மூன்று வருடம் கிடந்தார். பிறகு எத்தனையோ முறை சந்தித்தோம். அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். அன்று ஏன் இல்லை என்றீர் என்று மட்டும் அவர் கேட்டதே இல்லை. பதிலை நான் தயாராக வைத்திருந்தேன். எந்தப் பதிலும் சரியாக இல்லை என்பதால் நாலைந்து முறை மாற்றியும் வைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் சம்பவ இடத்தில் நாடா கட்டி, எண் போட்ட அட்டை வைத்து, கையுறை மாட்டி வீடியோ எடுக்கிறார்களாம். நல்லதுதான்.

போன மாதம் குளச்சலில் ஏட்டையாவின் அடக்கம். பெட்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். துபாயிலிருந்து வந்திருந்த அவர் மகன் தன் போனை என் கையில் கொடுத்தான். "சாரே, நீங்க எடுத்தா அப்பாக்குப் பிடிக்கும்" என்றான். தூரத்திலிருந்து ஒன்று எடுத்தேன். பிறகு கிட்டப் போனேன். பெட்டிக்கு முன்னால் ஐந்து செருப்புகள் கிடந்தன. ஐந்தாவது குப்புறக் கிடந்தது. எழுபத்துநான்கு வயதிலும் என் இடுப்பு தானாக வளைந்தது, கை தானாக நீண்டது.

"அத நான் நிமித்திப் போடட்டா அண்ணாச்சி?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள்.

"வேண்டாம் மக்கா. கெடந்த மாதிரியே கெடக்கட்டும்" என்று நிமிர்ந்து, இரண்டாவது படத்தை எடுத்தேன். ஐந்து செருப்புகளும் அதில் இருக்கின்றன.